விபத்து இழப்பீடும் திருத்திய இன்சூரன்ஸ் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ஊரெல்லாம் பேசியது அபராதத்தைப் பற்றித்தான். ஹெல்மெட் இல்லாவிட்டால் எவ்வளவு, லைசென்ஸ் இல்லாவிட்டால் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் பட்டியலாக வந்தது. அதே திருத்தத்தில், வாகன இன்சூரன்ஸ் பற்றிய 11-வது அத்தியாயம் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி வைத்தார்கள். அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. அந்த அத்தியாயம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் ஆபீஸில். மனு டைப் செய்வதும் கட்டு சேர்ப்பதும் என் வேலை. எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். இது வக்கீலின் ஆலோசனைக்கு ஈடாகாது. அவரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என்பது யாருக்காக?

ரோட்டில் போகிற மற்றவருக்காக. வண்டிக்காரர் முதல் ஆள், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது ஆள், வண்டி யார் மேல் மோதியதோ அவர் மூன்றாவது ஆள். பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் இது கட்டாயம் என்கிறது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-வது பிரிவு. இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். சிறையும் உண்டு, மூன்று மாதம் வரை.

"நான் பணம் கட்டுகிறேன், எனக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நொடி கண் அசந்து ஒருவரை இடித்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்குத் தர வேண்டிய 20, 30 லட்சத்துக்கு உங்கள் வீட்டை விற்க வேண்டியதில்லை. அதுதான் லாபம்.

திருத்தத்துக்கு முன்னால் என்ன குறை இருந்தது?

தொகைகள் கிழடு தட்டிப்போயிருந்தன. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டியால் ஒருவர் இறந்தால் 25,000 ரூபாய், பலத்த காயம் என்றால் 12,500. தவறு யார் மேல் என்று பார்க்காமல் உடனே தர வேண்டிய தொகை, இறப்புக்கு 50,000. 1994-ல் கொண்டுவந்த இழப்பீட்டு அட்டவணை, ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது என்ற கணக்கில் போட்டது. அது 2018 வரை மாறவில்லை. ஒரு கொத்தனார் மூன்று மாதத்தில் சம்பாதிப்பதை ஆண்டு வருமானமாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை, எல்லாப் பாரமும் அடிபட்டவர் தலையில் இருந்தது. எஃப்.ஐ.ஆர். நகல், வண்டியின் ஆர்.சி., பாலிசி எண் எல்லாவற்றுக்கும் கால் ஒடிந்தவரின் மனைவி போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் நடக்க வேண்டும். 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இத்தனை குடும்பங்களையும் ஒரே வரிசையில் நடக்க விட்டிருந்தோம்.

சரி, என்ன மாறியது?

தவறு யார் மேல் என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் (பிரிவு 164). ஓடிப்போன வண்டி என்றால் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 (பிரிவு 161). விபத்து நடந்த முதல் மணி நேரத்தில் கையில் காசு இல்லாமலே சிகிச்சை தர ஒரு திட்டம் (பிரிவு 162). இன்சூரன்ஸ் கம்பெனி தானாக முன்வந்து சமரசத் தொகை சொல்ல ஒரு வழி (பிரிவு 149). காகிதம் சேர்க்கும் வேலை போலீஸின் கடமையாக மாறியது. வாலில் ஒரு தேள்கொடுக்கும் இருக்கிறது, வழக்குப் போட ஆறு மாதக் கெடு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். தொடக்கத்தில் 1 லட்சம் வரை என்று இருந்ததைப் பிறகு 2 லட்சம் ஆக்கினார்கள். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்றும் பார்ப்பதில்லை.

மத்திய அரசின் காசில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையானது. ஒருவருக்கு 1.5 லட்சம் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை. சட்டத்தில் பிரிவு 162 நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் திட்டம் வந்தது, அதுவும் சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரியில் கெடு வைத்த பிறகு. அந்த உத்தரவு வந்த வழக்கைப் போட்டவர் நம் ஊர்க்காரர், கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். 2012-ல் அவர் போட்ட பொதுநல வழக்கு அது. அறுவை மேஜையில் தினமும் பார்த்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவரை காஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்ததும் பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி மோதி, யார் அழைத்து வந்தார், என்னென்ன காயம். கூட வந்தவர் சொல்வதைத்தான் அவர் எழுதுகிறார். கூட வந்தவரோ பதற்றத்தில் இருப்பார். "போலீஸ் கேஸ் என்றால் லேட் ஆகும்" என்று யாராவது காதில் ஓதியிருப்பார்கள். "வண்டியிலிருந்து சறுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார்.

என் மேஜைக்கு வந்த ஒரு கேஸ் கட்டில் அந்த ஒரு வரிதான் பிரச்சினை. பின்னாலிருந்து கார் மோதியதற்கு எஃப்.ஐ.ஆர். இருந்தது, காரின் நம்பர் இருந்தது, காரின் முன்பக்கம் நசுங்கிய போட்டோவும் இருந்தது. ஏ.ஆர். காப்பியில் 'தானாகச் சறுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது' என்று நீல மையில் ஒரு வரி. எஃப்.ஐ.ஆர். போட்டது நாலாவது நாள். இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் குறுக்கு விசாரணையில் வேறு எதையும் தொடவில்லை. அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். மச்சானை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன், கூண்டில் நின்று தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி நம்பர் தெரியாவிட்டால் "நம்பர் தெரியவில்லை, வெள்ளைக் கார்" என்று சொன்னால் போதும். எழுதியதை முடிந்தால் படித்துப் பாருங்கள்.

போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

2022 ஏப்ரலில் வந்த விதிகளின்படி, விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் (விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் கோர்ட்) இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள், பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை என்று சொல்லும் படிவத்தை அவர் கையில் தர வேண்டும். 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இந்த விதிகளை எல்லா மாநிலமும் கடைப்பிடிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2022 டிசம்பரில் ஒரு தடவை சொல்லியும் ஆயிற்று.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. என் அனுபவத்தில், அந்த உரிமைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி ஆள் வந்து 5 லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டம் நல்ல நோக்கத்தோடு திறந்த கதவு இது, ஆனால் உள்ளே ஒரு படி இடறும்.

தகவல் கிடைத்த பிறகு கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும், அவர் 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன்னால் சமரசத் தொகை சொல்லலாம். நீங்கள் சம்மதித்தால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், அடுத்த 30 நாளில் பணம் வர வேண்டும். ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தவர்களுக்கு இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் 164-வது பிரிவின் 5 லட்சத்தை இந்த வழியில் ஏற்றுக்கொண்டால், 166-வது பிரிவின் கீழ் முழு இழப்பீடு கேட்கும் மனு அதோடு காலாவதியாகிவிடும். இரண்டும் கிடையாது, ஒன்றுதான்.

சரி, முழு இழப்பீடு எவ்வளவு வரும்? காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். இறந்தவருக்கு வயது 34. சொந்தமாக மின்சார வேலை செய்தவர், மாதம் 15,000 வருமானம். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று நாலு பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

சுயதொழில், வயது 40-க்குக் கீழ் என்பதால் வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள், மாதம் 21,000 ஆகும். அவர் தனக்கென்று செலவழித்திருக்கக் கூடியது நாலில் ஒரு பங்கு என்று கழிப்பார்கள், மிச்சம் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கு எண் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய். இதற்கு மேல் மனைவி, பிள்ளைகள், தாய் ஒவ்வொருவருக்கும் துணையிழப்புக்காக 40,000, ஈமச் செலவுக்கு 15,000, சொத்திழப்புக்கு 15,000. இவற்றை மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை 10 சதவீதம் கூட்டச் சொல்லியிருக்கிறது சுப்ரீம் கோர்ட். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி வேறு.

பெருக்கு எண் 2009-ல் வந்த சரளா வர்மா தீர்ப்பிலிருந்து, சதவீதம் 2017-ல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்து. எந்தத் தீர்ப்பாயத்திலும் இந்த இரண்டு பெயர் காதில் விழும். 30 லட்சத்துக்கு மேல் நிற்கும் கணக்கில் 5 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்க வருகிறவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்.

எப்போது 5 லட்சம் சரி? தவறு இறந்தவர் பக்கமே இருந்து, எதிர்வண்டி டிரைவர் மேல் தவறை நிரூபிக்க வழியே இல்லை என்றால். அந்த நிலையில் 164-வது பிரிவுதான் காப்பாற்றும். எந்த வகை என்று வக்கீல் எஃப்.ஐ.ஆரையும் இடத்தின் வரைபடத்தையும் பார்த்துச் சொல்வார்.

சம்பளச் சீட்டு இல்லாதவர், வீட்டில் இருக்கும் பெண் என்றால்?

கணக்கு உண்டு. சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் தீர்ப்பாயம் ஒரு உத்தேச வருமானத்தை வைத்துக்கொள்ளும். வீட்டு வேலை பார்க்கும் பெண்ணின் உழைப்புக்கும் வருமானம் நிர்ணயிக்க வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் அழுத்திச் சொன்னது.

சாகவில்லை, கை போய்விட்டது. அதற்கு?

மெடிக்கல் போர்டு எத்தனை சதவீத ஊனம் என்று சான்று தரும். ஆனால் உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு. 2010-ல் ராஜ்குமார் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை அழகாக விளக்கியது. இடது கை போனது மருத்துவக் கணக்கில் 60 சதவீதமாக இருக்கலாம், ஆனால் தச்சருக்கோ டிரைவருக்கோ அது ஏறக்குறைய 100 சதவீதம். அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். எனவே என்ன தொழில் செய்தீர்கள் என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் இருக்கட்டும். நலவாரிய அட்டை, டிரைவர் லைசென்ஸில் பேட்ஜ், கடை வாடகை ரசீது, எதுவானாலும்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. அவ்வளவுதானா?

1994-லிருந்து இந்த வழக்குகளுக்குக் காலக் கெடுவே இல்லாமல் இருந்தது. புதிய 166(3) விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று கட்டிப் போட்டது. பாதிக்கப்பட்டவரைக் காக்க வந்த சட்டத்தில் இந்த உட்பிரிவு எப்படி நுழைந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தலையில் அடிபட்டு நாலு மாதம் படுக்கையில் கிடந்தவர், ஐந்தாவது மாதம் ஊன்றுகோலோடு நடக்கப் பழகுகிறவர், அவருக்கு ஆறு மாதம் என்பது என்ன?

பலர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. ஆறு மாதம் தாண்டியது என்ற காரணத்தை மட்டும் வைத்து எந்த மனுவையும் தீர்ப்பாயங்கள் தள்ளுபடி செய்யக் கூடாது. ஆனால் அது இறுதித் தீர்ப்பு இல்லை. தாமதம் ஆகியிருந்தால் இப்போதே போடுங்கள், ஆகவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். யாரிடம் கேட்பது?

தாலுகா ஆபீஸில். பலருக்கு இது தெரியாது, போலீஸ் ஸ்டேஷனிலேயே நின்றுவிடுகிறார்கள். 2022-ல் நாட்டில் இப்படி ஓடிப்போன வண்டிகளால் 30,486 பேர் இறந்தார்கள்.

விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது கோட்ட அதிகாரியிடம் படிவம் 1-ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக் நகல் வேண்டும். அவர் ஒரு மாதத்தில் விசாரித்து அறிக்கை தர, கலெக்டர் ஒப்புதல் தருவார். பணம் ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சிலிலிருந்து வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று குடும்பத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இட்ட உத்தரவு இது, அதே ராஜசேகரன் வழக்கில். பின்னால் வண்டி கிடைத்து வழக்கில் இழப்பீடு வந்தால் இந்த 2 லட்சத்தைக் கழித்துக்கொள்வார்கள்.

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை.

உரிமையாளர் தன் கையிலிருந்து தர வேண்டும். தருவாரா என்பதுதான் கேள்வி. அந்த வண்டியைப் பிணை வாங்காமல் விடக் கூடாது, பிணை தரவில்லை என்றால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆகவே வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போதே இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் தெரியும்.

இன்சூரன்ஸ் இருக்கிறது, டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை.

வழக்கமாகத் தீர்ப்பாயம் 'முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள்' என்று உத்தரவிடும். கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டியது பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் இருக்கிறது.

அரசு பஸ் மோதியது. பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

பெரும்பாலும் கிடையாது. சொந்தமாக ஒரு நிதியை வைத்துக்கொண்டால் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸிலிருந்து விலக்குத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இழப்பீட்டைக் கழகமே தர வேண்டும். தராமல் இழுத்தடித்தால் என்ன நடக்கும் என்று நீங்கள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டில் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு கோர்ட் அமீனா வந்து நிற்பார், எல்லோரும் இறங்க, பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போய்ச் சேரும். 'அரசு பஸ் ஜப்தி' என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு செய்தி வகை. திருத்தத்தில் இதற்கு விடிவு வரவில்லை.

காதுகுத்துக்கு டாடா ஏஸில் போனோம். கவிழ்ந்துவிட்டது.

மிகச் சங்கடமான கேள்வி இது, மாசி முடிவதற்குள் ஒன்றாவது வந்துவிடும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்பது 2002 டிசம்பரிலிருந்து சுப்ரீம் கோர்ட்டின் நிலை. வண்டியின் சுமைதூக்கும் தொழிலாளி, சரக்கோடு போகும் சரக்குக்காரர் இவர்களுக்கு மட்டும் உண்டு. குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போன பதினைந்து பேருக்கு இல்லை. எதிரில் வேறு வண்டி வந்து மோதியது என்றால் அந்த வண்டியின் பாலிசியில் கேட்கலாம். அப்படி இல்லையென்றால் ஏஸ் ஓனரை மட்டும் நம்ப வேண்டும், அவர் பெரும்பாலும் கடனில் வண்டி எடுத்த சொந்தக்காரராக இருப்பார்.

என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர், என் காரில் வந்தவர்?

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால், நீங்களே தவறு செய்து நடந்த விபத்தில் அவர்களுக்கு அந்தப் பாலிசியில் கிடைக்காது. 'ஃபுல் கவர்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு 'பம்பர் டு பம்பர்' (வண்டியில் இருப்பவர்களையும் சேர்த்த முழுக் காப்பீடு) கட்டாயம் என்று உத்தரவிட்டதற்கு இந்த ஓட்டைதான் காரணம். அடுத்த மாதமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஓட்டை அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு? வண்டி உரிமையாளருக்கென 15 லட்சத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டினால்தான். வண்டி அப்பா பெயரில், ஓட்டியது மகன், தானாக விழுந்துவிட்டான் என்றால் அந்த 15 லட்சம் வராது. வீட்டுக்கு வீடு இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

பைக்கை விற்று மூன்று வருடம் ஆகிறது. எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள்தான் உரிமையாளர், 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன சட்டம் அது. வாங்கினவரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடும் பழக்கத்தின் விலை இது. நோட்டீஸை மடித்து வைக்காமல் வாய்தா தேதிக்கு ஆஜர் ஆகுங்கள். வராமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நான் மாட்டிக்கொள்வேனா?

மாட்டீர்கள். பிரிவு 134-ஏ உங்களைக் காக்கிறது. பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

பிரீமியத்தை யார் முடிவு செய்கிறார்கள்? கம்பெனிகளுக்கு இது கட்டுப்படியாகிறதா?

தேர்டு பார்ட்டிக் கட்டணத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தோடு கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த கட்டணத்தில் 75 முதல் 150 சி.சி. வரையிலான சாதாரண பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 3,416 ரூபாய், வரி தனி. 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு மூன்று ஆண்டுக்கும் புது பைக்குக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் அதிகம் என்று சுப்ரீம் கோர்ட் போட்ட கட்டு.

கம்பெனிகள் நஷ்டக் கணக்குக் காட்டாமல் இல்லை. 2016-ல் முதலில் வந்த மசோதாவில், கம்பெனியின் பொறுப்பு இறப்புக்கு 10 லட்சத்தோடு முடிந்துவிடும் என்று ஒரு வரம்பு இருந்தது. மேலே பார்த்த மின்சார வேலைக்காரர் குடும்பத்தின் மீதி 20 லட்சத்தை வண்டிக்காரரிடம் போய்த்தான் கேட்க வேண்டியிருந்திருக்கும். 2019 சட்டத்தில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். திருத்தத்தில் எனக்குப் பிடித்தது, உள்ளே வராமல் போன இந்த வரிதான்.

வழக்கை எங்கே போடுவது? வக்கீலுக்கு எவ்வளவு?

விபத்து நடந்த ஊரில்தான் என்று இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலும் போடலாம். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றத்திலும், சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும் தீர்ப்பாயம் நடக்கிறது.

கிடைக்கும் தொகையில் சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுங்கள்" என்கிற புரோக்கரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். சீக்கிரம் முடிய வேண்டுமானால் மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கை எடுத்துப்போகச் சொல்லிக் கேட்கலாம். அங்கே கணக்குத் தெரிந்து பேரம் பேசுங்கள். தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு.

தீர்ப்பு வந்துவிட்டது. பணம் எப்போது கையில் வரும்?

கம்பெனி தொகையைத் தீர்ப்பாயத்தின் கணக்கில் கட்டும், உரியவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக மாற்ற வேண்டும் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பெரியவர்களின் பங்கில் ஒரு பகுதி வரும். குழந்தைகளின் பங்கு அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கும்.

அந்தப் பதினெட்டு வயதைக் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. ஊர் மாறியிருப்பார்கள், வழக்கு நடத்திய வக்கீல் காலமாகியிருப்பார். கேட்பாரில்லாமல் தீர்ப்பாயங்களில் தேங்கிக் கிடக்கும் தொகையைப் பற்றி 2025-ல் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கு எடுத்து உத்தரவு போடும் அளவுக்கு அது பெரிது. அப்பா இறந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர் இப்போது கல்லூரியில் படிக்கிறார் என்றால், பீரோவில் அந்தப் பழைய தீர்ப்பு நகலைத் தேடி எடுங்கள். முதல் பக்கத்தின் மேலே எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டு ஓர் எண்ணும் ஆண்டும் இருக்கும். அதோடு ஆதாரும் வயதுச் சான்றும் எடுத்துக்கொண்டு அந்தக் கோர்ட்டுக்குப் போய்ப் பணம் எடுக்க மனுப் போடச் சொல்லுங்கள்.